திருச்சுற்றப் பீடப்படத்தில் யார் யார்? ஒவ்வொருவராக அடையாளம் காண ஒரு முழுமையான வழிகாட்டி

நடுவில் அன்னம்மாளும் அவர் மகள் மரியாவும், இருவருக்கும் இடையே குழந்தை இயேசு. சுற்றிலும் இன்னும் சில தாய்மார், காலடியில் விளையாடும் பிள்ளைகள், பின்னால் வரிசையாக ஆண்கள். 1400-களின் கடைசியிலும் 1500-களின் தொடக்கத்திலும் ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் பக்கம் ஆலயப் பீடத்தின் மேல் வைக்க வரைந்த பீடப்படங்களில் இந்தக் காட்சி திரும்பத் திரும்ப வரும். ஜெர்மன்காரர்கள் இதை 'ஹைலிகெ ஸிப்பெ' என்பார்கள். நான் 'திருச்சுற்றம்' என்று எழுதுகிறேன். திருக்குடும்பம் என்றால் மூன்று பேர். இது அவர்களுடைய சொந்தபந்தம் முழுவதும்.

முதல்முறை பார்ப்பவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கவனித்திருக்கிறேன். அநேகமாக எல்லாரும் தாடி வைத்த ஆண்களில்தான் தொடங்குகிறார்கள். 'இவர் சூசையப்பர்' என்று ஒருவரைக் குறித்துவிட்டு, அதை வைத்து மற்றவர்களைப் பொருத்தப் பார்க்கிறார்கள். முதல் பெயர் தவறினால் எல்லாமே தவறும். இந்தப் படங்களைத் தாய்மாரிலிருந்து தொடங்க வேண்டும். அடுத்து பிள்ளைகள், ஆண்கள் கடைசியில். கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு வெள்ளைத்தாள், பென்சில், அழிப்பான். பேனா வேண்டாம், நிச்சயம் அழிக்க வேண்டிவரும்.

படத்தின் பெரிய பிரதி வேண்டும். கைபேசித் திரையில் ஒரு குழந்தையின் கையில் இருக்கும் ரம்பம் வெறும் கோடாகத்தான் தெரியும். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியமும் ஃபிராங்க்ஃபர்ட்டின் ஸ்டேடல் அருங்காட்சியகமும் தங்கள் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கின்றன. ஓவியர் லூகாஸ் கிரானாக்கின் படங்களுக்கு 'கிரானாக் டிஜிட்டல் ஆர்க்கைவ்' என்ற இணையத் தொகுப்பு இருக்கிறது. கணினித் திரையில் பாருங்கள்.

விவிலியத்தில் மூன்று இடங்களை வாசித்துவிட்டு வாருங்கள்: மாற்கு 6:3, மாற்கு 15:40, யோவான் 19:25. முதலாவதில் இயேசுவின் 'சகோதரர்கள்' என்று நான்கு பெயர்கள் வரும். மற்ற இரண்டிலும் இயேசு சிலுவையில் தொங்கியபோது அங்கே நின்ற பெண்களின் பெயர்கள் வரும். படத்தில் உள்ள பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் பெயர் கிடைத்தது பெரும்பாலும் இங்கிருந்துதான். அன்னம்மாள், அவர் கணவர் சுவக்கின் இருவரும் விவிலியத்தில் இல்லை, அங்கே தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

2. படத்தைப் பார்க்கும் முன் குடும்ப மரத்தை வரையுங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு நேராகப் படத்துக்குப் போகிறவர்கள்தான் அதிகம். அரைமணி நேரத்தில் திரும்பி வந்து இதையே வரைவார்கள்.

இடைக்கால மரபுப்படி அன்னம்மாளுக்கு மூன்று திருமணங்கள், ஒரு கணவர் இறந்த பிறகு அடுத்தவர். ஒவ்வொரு திருமணத்திலும் ஒரு பெண் பிள்ளை. மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே பெயர், மரியா. 13-ஆம் நூற்றாண்டில் யாக்கோபு தெ வோராஜினே தொகுத்த 'லெகெண்டா அவுரியா' என்ற புனிதர் கதை நூல் வழியாக இந்தக் கதை பரவியது. உங்கள் தாளில் மூன்று வரிகளாக எழுதிக்கொள்ளுங்கள்:

அன்னம்மாள் + சுவக்கின்: மகள் கன்னி மரியா. அவருக்கும் சூசையப்பருக்கும் கீழே இயேசு.

அன்னம்மாள் + குளோப்பா: மகள் மரியா குளோப்பா. கணவர் அல்பேயு. பிள்ளைகள் சின்ன யாகப்பர், யோசேப்பு யுஸ்து, சீமோன், யூதா ததேயு.

அன்னம்மாள் + சலோமாஸ்: மகள் மரியா சலோமி. கணவர் செபதேயு. பிள்ளைகள் சந்தியாகப்பர், அருளப்பர்.

இங்கே வரும் பெரிய குழப்பம் 'குளோப்பா' என்பது யார் என்பது. யோவான் நற்செய்தியை வாசித்தவர்கள் அவரை மரியா குளோப்பாவின் கணவராக நினைப்பார்கள். இந்த மரபில் அவர் அப்பா, கணவர் அல்பேயு. நம் இனிஷியலை நினைத்துக்கொண்டால் மறக்காது: சு. மரியா, கு. மரியா, ச. மரியா. மூன்றும் தகப்பன் பெயரின் முதலெழுத்து. நான் தாளில் இப்படித்தான் குறிக்கிறேன்.

இன்னொரு முடிச்சு: குளோப்பா சூசையப்பரின் சகோதரர். அதாவது கன்னி மரியாவின் மாற்றாந்தந்தையே அவர் கணவரின் உடன்பிறந்தவர். ஒரே மனிதருக்கு இரண்டு உறவு வருகிறதே, எங்கோ தப்பு என்று சிலர் அழித்துவிடுகிறார்கள். தப்பில்லை, அப்படியே விடுங்கள்.

இந்த உறவைப் புரிந்துகொள்வதில் நமக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கிலக் குறிப்புகள் பிள்ளைகள் எல்லாரையும் 'கசின்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். கன்னி மரியா மூத்தவர் என்பதால் மற்ற இரண்டு மரியாக்களும் இயேசுவுக்குச் சித்திகள். சித்தி பிள்ளைகளை நாம் அண்ணன், தம்பி என்றுதானே கூப்பிடுகிறோம்? நற்செய்தி அவர்களை 'சகோதரர்கள்' என்கிறது. அதற்கு விளக்கம் சொல்லத்தான் மூன்று திருமணக் கதையே வந்தது. தமிழ் வீட்டில் அந்த விளக்கத்துக்குத் தேவையே இருந்திருக்காது.

இப்போது எண்ணுங்கள். பெண்கள் 4, ஆண்கள் 6, பிள்ளைகள் 7, மொத்தம் 17 பேர். இந்த எண்களைத் தாளின் மேல் பெரிதாக எழுதிவையுங்கள். கடைசிவரை இதை வைத்துத்தான் சரிபார்ப்போம்.

3. முழுப் படமும் முன்னால் இருக்கிறதா?

பீடப்படம் பல நேரம் ஒரே பலகை அல்ல. நடுப்பலகையும் இருபுறமும் கதவுபோல் மூடித் திறக்கும் பலகைகளும் சேர்ந்ததுதான் படம். கதவுகளின் வெளிப்பக்கத்திலும் ஓவியம் இருக்கும். இணையத்தில் கிடைப்பது நடுப்பலகை மட்டுமாக இருக்கலாம்.

குவென்டின் மெட்சிஸ் லூவன் நகரப் புனித பேதுரு ஆலயத்தின் அன்னம்மாள் சபையாருக்காக 1509-இல் முடித்த பீடப்படம் இப்போது பிரஸ்ஸல்ஸ் அரச நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் சுற்றத்தார் எல்லாரும் நடுப்பலகையிலேயே இருக்கிறார்கள். கதவுகளில் சுவக்கின், அன்னம்மாள் வாழ்க்கைக் காட்சிகள். அந்தக் கதவில் சுவக்கின் இன்னொருமுறை வருவார், அவரை மறுபடி எண்ணிவிடாதீர்கள். அதே 1509-இல் கிரானாக் வரைந்த தோர்காவ் பீடப்படம் வேறு மாதிரி. அங்கே ஒரே குடும்பம் மூன்று பலகைகளிலும் பரவியிருக்கிறது, கதவை விட்டால் பாதிச் சொந்தம் காணாமல் போகும். எனவே முதலில் பலகைகளை எண்ணுங்கள், பிறகு ஆட்களை.

4. இணைந்து உட்கார்ந்திருக்கும் இரண்டு பெண்களைப் பிடியுங்கள்

பெரும்பாலும் படத்தின் நடுவில் ஒன்றாக உட்கார்ந்து, ஒரு குழந்தையை இருவரும் கவனித்துக்கொண்டிருக்கும் இரண்டு பெண்கள் அன்னம்மாளும் கன்னி மரியாவும். நம் பக்கத்து ஆலயங்களில் சந்தனமாதா என்று கும்பிடுகிறார்களே, அவர்தான் இந்த அன்னம்மாள்.

இருவரில் மூத்தவர் அன்னம்மாள். தலையையும் கழுத்தையும் முகவாய்வரை மூடிய வெள்ளைத் துணி, அந்நாளில் மணமான வயதான பெண்களின் உடை. மரியா இளையவர், பெரும்பாலும் முடியை விரித்துவிட்டிருப்பார். நீல உடையை மட்டும் நம்பாதீர்கள். மற்ற மரியாக்களுக்கும் ஓவியர் நீலம் தீட்டியிருக்கலாம், பழைய வண்ணம் கறுத்துப்போயும் இருக்கலாம். முகவாய்த் துணி அதைவிட நம்பகமான அடையாளம்.

இவர்களை முதலில் பிடிப்பதற்குக் காரணம், இந்த மூன்று பேரின் அமைப்பு மட்டும்தான் படத்துக்குப் படம் பெரிதாக மாறுவதில்லை. மற்றவர்கள் எங்கு வேண்டுமானாலும் போவார்கள்.

5. மற்ற தாய்மாரைப் பிள்ளைகளை எண்ணி அறியுங்கள்

நான்கு பிள்ளைகள் என்றால் மரியா குளோப்பா. இரண்டு என்றால் மரியா சலோமி. இந்த வேலையின் அச்சாணி இதுதான், இங்கே அவசரப்படாதீர்கள்.

மரியா குளோப்பா நமக்கு இடப்பக்கமும் மரியா சலோமி வலப்பக்கமும் இருக்கும் படங்கள் உண்டு, தோர்காவ் படம் அப்படித்தான். பீடத்தில் நின்று நம்மை நோக்குபவருக்கு வலப்பக்கம்தான் மரியாதைக்குரிய பக்கம், அது நமக்கு இடம். அதனால் இந்த இருவரில் மூத்தவரான மரியா குளோப்பாவுக்கு அந்த இடம். ஆனால் இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எண்ணிக்கை ஒன்று சொல்லி, பக்கம் வேறு சொன்னால் எண்ணிக்கையையே நம்புங்கள்.

எண்ணுவதில் இரண்டு தவறுகள் வரும். முதலாவது, தாயின் மடியில் இருப்பவர்களை மட்டும் எண்ணுவது. பெரிய பிள்ளைகள் தாயை விட்டு ஓடிப்போய் விளையாடுவார்கள். தோர்காவ் படத்தின் இடக்கதவில் மரியா குளோப்பாவுடன் இரண்டு பிள்ளைகள்தான். வலக்கதவில் மரியா சலோமியுடனும் இரண்டு. இதோடு நிறுத்தினால் யார் யாரென்றே முடிவு செய்ய முடியாது. நடுப்பலகையில், கீழே, இயேசு அல்லாத இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் பாருங்கள். அவர்களைச் சேர்த்தால்தான் ஏழு வரும். செபதேயுவுக்கு இரண்டு பேர் வலக்கதவிலேயே இருப்பதால், நடுவில் இருப்பவர்கள் மரியா குளோப்பாவின் பிள்ளைகள்.

இரண்டாவது, ஒற்றைப் பிள்ளையுடன் ஐந்தாவதாக ஒரு தாய் இருப்பதைக் கவனிக்காமல் விடுவது. அவர் எலிசபெத்து, பிள்ளை ஸ்நாபக அருளப்பர். எலிசபெத்து அன்னம்மாளின் சகோதரி மகள் என்பது மரபு. அப்படியானால் கன்னி மரியாவுக்கு அவர் அக்கா முறை, இயேசுவுக்குப் பெரியம்மா. இவர் வந்துவிட்டால் கணவர் செக்கரியாவையும் சேர்த்து மொத்தம் 20 வரை போகலாம். உங்கள் தாளில் தனி வரி போடுங்கள்.

ஆம்ஸ்டர்டாமில், ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கும் கேர்ட்கென் டோட் சின்ட் யான்ஸின் திருச்சுற்றம் இதற்கு நல்ல பயிற்சி. சுமார் 1495, கிட்டத்தட்ட 137 சென்டிமீட்டர் உயரமும் 106 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரே பலகை. ஓர் ஆலயத்துக்குள் நடக்கும் காட்சி. நமக்கு இடப்பக்கம் அன்னம்மாளும் மரியாவும் குழந்தையும், வலப்பக்கம் முன்னால் எலிசபெத்து. அவர் கையில் இருக்கும் பிள்ளை இயேசுவை நோக்கித் தாவுகிறது. புதிதாகப் பார்ப்பவர்கள் முன்வரிசையில் இருப்பதால் இவரை மரியா சலோமி என்று எழுதிவிடுவார்கள். ஒரே பிள்ளைதான் என்பதைக் கவனித்தால் தவறாது. மற்ற இரண்டு மரியாக்களும் பின்னால், சிறிதாக இருக்கிறார்கள்.

6. பிள்ளைகளின் கையில் என்ன இருக்கிறது?

தாய் தெரிந்த பிறகே இந்தப் படிக்கு வரவேண்டும். பொருளை முதலில் பார்த்து ஆளைச் சொன்னால் ஏன் தவறும் என்று சொல்கிறேன்.

இந்தப் பிள்ளைகள் வளர்ந்து திருத்தூதர்களாகப் போகிறவர்கள். பெரியவர்களானபின் அவர்களுக்குரிய அடையாளப் பொருளை ஓவியர் இப்போதே கையில் கொடுத்துவிடுகிறார், விளையாட்டுச் சாமான் போல. சந்தியாகப்பருக்கு யாத்திரிகரின் கைத்தடி, சிப்பி, தொப்பி. அருளப்பருக்குக் கிண்ணம். சீமோனுக்கு ரம்பம். யூதா ததேயுவுக்குத் தடி. சின்ன யாகப்பருக்குத் துணி வெளுப்பவர் அடிக்கும் கட்டை.

சிக்கல் புரிகிறதா? ஒருவருக்குக் கைத்தடி, ஒருவருக்குத் தடி, ஒருவருக்கு அடிக்கும் கட்டை. மூன்று பிள்ளைகள் கையில் மூன்று கம்பு, அளவிலும் சிறியவை. தாய் யாரென்று தெரிந்தால் சந்தியாகப்பர் உடனே பிரிந்துவிடுவார். மிச்சம் இரண்டு பேர்தான். வெளுப்பவரின் கட்டை நுனியில் அகன்றோ வளைந்தோ இருக்கும், ததேயுவின் தடி நேராக, தடிமனாக இருக்கும். பார்த்தும் தெரியவில்லை என்றால் இருவர் பெயரையும் எழுதி நடுவில் ஒரு கோடு போட்டு விடுங்கள், ஊகத்தில் முடிவு செய்ய வேண்டாம்.

யோசேப்பு யுஸ்துவுக்கென்று நிலையான பொருள் இல்லை. யூதாஸ் இஸ்காரியோத்தின் இடத்துக்கு நிறுத்தப்பட்ட இருவரில் ஒருவர் இவர், சீட்டு மத்தியாவுக்கு விழுந்தது. திருத்தூதர் பன்னிருவரில் சேராததால் அவருக்கு அடையாளப் பொருள் வழக்கில் வரவில்லை. மரியா குளோப்பாவின் பிள்ளைகளில் வெறுங்கையாக இருப்பவர் பெரும்பாலும் இவர்.

கேர்ட்கென் படத்தில் ஆலயத்தின் நடுவே தரையில் இருக்கும் மூன்று பிள்ளைகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒருவன் சின்ன மரப்பீப்பாயிலிருந்து இன்னொருவன் நீட்டும் கிண்ணத்தில் ஊற்றுகிறான், மூன்றாமவன் கையில் ரம்பம். கிண்ணம் அருளப்பர், ரம்பம் சீமோன். பீப்பாய் வைத்திருப்பவன் சந்தியாகப்பர். கைத்தடியும் சிப்பியும் மட்டும் தேடியிருந்தால் அவரைத் தவறவிட்டிருப்போம். கொஞ்சம் தள்ளிப் பின்னால் ஆலயத்தின் பீடம் இருக்கிறது. அதன் மேல் ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப்போகும் சிலை. பிள்ளைகள் விளையாட்டாகக் கிண்ணத்தில் ஊற்றுவது எந்தப் பலியை நினைத்து என்பது அந்தச் சிலையைப் பார்த்ததும் விளங்கும். எனக்கு இந்த ஓர் அங்குலம் போதும், நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எல்லா ஓவியரும் இப்படிப் பொருள் கொடுக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட படத்தில் 'மரியா குளோப்பாவின் பிள்ளைகள் நால்வர்' என்று எழுதுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டு எச்சரிக்கை. யாகப்பர் இரண்டு பேர், சந்தியாகப்பர்தான் பெரிய யாகப்பர். பெரியவர், சின்னவர் என்பது படத்தில் தெரியும் உயரம் அல்ல. யூதா என்றதும் காட்டிக்கொடுத்தவர் என்று எண்ண வேண்டாம், இவர் ததேயு. அப்புறம், ஆயரின் தொப்பியுடன் ஒரு குழந்தையைக் கண்டால் திகைக்காதீர்கள். அவர் செர்வாசியு, எலிசபெத்தின் சகோதரர் வழித் தூரத்துச் சொந்தமாகச் சேர்க்கப்பட்டவர். அவரை ஏழில் எண்ணக் கூடாது.

7. இப்போது ஆண்கள்

பெண்களுக்கு அருகில் இல்லாமல், ஒரு தடுப்புச் சுவருக்குப் பின்னாலோ மேல்மாடத்திலோ நிற்பார்கள். அடையாளப் பொருள் அநேகமாக இருக்காது. யார் எந்தப் பெண்ணுக்குப் பின்னால் நிற்கிறார் என்பதுதான் சாட்சி. இவர்களைக் கடைசியில் வைத்தது இதற்காகத்தான்.

மரியா குளோப்பாவுக்குப் பின்னால் இருப்பவர் அல்பேயு, மரியா சலோமிக்குப் பின்னால் செபதேயு. சூசையப்பர் கன்னி மரியாவின் பக்கம். கேர்ட்கென் படத்தில் கையில் லில்லிப் பூ வைத்திருப்பார், தோர்காவ் படத்தில் தூங்குகிறார். மூவர் ஒன்றாகச் சேர்ந்து பேசிக்கொண்டிருந்தால் அன்னம்மாளின் மூன்று கணவர்களாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த மூவரில் சூசையப்பரைத் தேடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

ஆறு பேரும் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. மெட்சிஸ் படத்தில் நான்கு ஆண்கள்தான்: சுவக்கின், சூசையப்பர், அல்பேயு, செபதேயு. ஆறு வரவில்லையே என்று பின்னணியில் இல்லாத ஆட்களைத் தேட வேண்டாம்.

முகங்களை வைத்து வயதோ பெயரோ சொல்லாதீர்கள், அவை வேறொருவரின் முகங்களாக இருக்கலாம். தோர்காவ் படத்தின் அல்பேயுவுக்குச் சாக்சனியை ஆண்ட ஃபிரெடரிக் அறிவாளர் முகம், செபதேயுவுக்கு அவர் தம்பி யோகானின் முகம். மேல்மாடத்தில் இருக்கும் கணவர்களில் ஒருவருக்குப் பேரரசர் மாக்சிமிலியனின் முகம்.

8. எழுத்துகளைக் கடைசியில் படியுங்கள்

சில படங்களில் ஒளிவட்டத்திலோ உடை ஓரத்திலோ பெயர் எழுதியிருக்கும். அதை முதலிலேயே படித்துவிட்டால் கண் வேலை செய்வதை நிறுத்திவிடும், எழுத்து தவறாக வழிகாட்டினாலும் தெரியாது.

வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் பெர்ன்ஹார்ட் ஸ்ட்ரிகெல் வரைந்த ஒரு படம் இருக்கிறது. மாக்சிமிலியன் பேரரசர், மனைவி, மகன், பேரன்கள். மாக்சிமிலியன் தலைக்கு மேலே 'குளோப்பா' என்று எழுதியிருக்கும். அரச குடும்பத்தின் உருவப்படமாக வரைந்ததில் திருச்சுற்றப் பெயர்கள் பிறகு சேர்ந்தவை. எழுத்தை மட்டும் படித்தவர் இதில் அன்னம்மாளைத் தேடிக்கொண்டிருப்பார்.

9. சரிபார்த்தல்

தாளின் மேல் எழுதிய எண்களுக்குத் திரும்புங்கள். பிள்ளைகள் 7 வருகிறதா? 8 வந்தால் எலிசபெத்து இருக்கிறாரா என்று பாருங்கள். 6 வந்தால் தாயின் முந்தானை மறைவில், முக்கியமாக மரியா குளோப்பாவின் மடியில், பால்குடிக்கும் குழந்தை ஒன்றைத் தவறவிட்டிருப்பீர்கள். பெண்கள் 4-க்குக் குறைந்தால் ஒரு பலகை குறைகிறது.

முதல் பயிற்சிக்கு மெட்சிஸ் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பலகையில் 4 பெண்கள், 4 ஆண்கள், 7 பிள்ளைகள். அடுத்து கேர்ட்கென், அங்கே எலிசபெத்தைப் பிரிக்கப் பழகலாம். தோர்காவ் படம் மூன்றாவதாக வரட்டும். மூன்று பலகைகளிலும் பிள்ளைகள் சிதறியிருப்பதால் எண்ணும் பழக்கம் வந்தபிறகு அதைத் தொடுவது நல்லது.